மெர்சியின் கைக்கு ஒரு மிஷின்

எந்த மிஷின் நல்ல மிஷின் என்று யாராவது கேட்டால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் புதிதாக டாட்டூ போடக் கற்றுக்கொண்டவர்கள். செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு வந்து, “அக்கா, வயர்லெஸ்ல எது பெஸ்ட்?” என்று ஆரம்பிப்பார்கள். “நல்ல ஷூ எது, சொல்லு பாப்போம்” என்று நான் திருப்பிக் கேட்பேன். முழிப்பார்கள். ஆம்பூரில் பிறந்தவன் அதற்கு முழிக்கக் கூடாது. எவன் காலுக்கு என்று கேட்க வேண்டும்.

இவ்வளவு வாய் பேசுகிற நானே ஒரு தடவை காலைப் பார்க்காமல் ஷூவை எடுத்தேன். அதுவும் வேறு யாருக்குமில்லை, மெர்சிக்கு.

என் கடை பைபாஸ் ரோட்டில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கீழே அவர்கள் அண்டாவைத் திறக்கிற நேரத்தில் ஊசி குத்தினால் வருகிறவர்களுக்கு வலி பாதிதான் தெரியும், மீதிக் கவனம் மூக்கில் இருக்கும். போர்டில் சோபனா டாட்டூஸ் என்று எழுதியிருந்தாலும் ஊருக்கு நான் இன்னும் ஷூ கம்பெனி சோபனாதான். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற லைனில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூருக்கு ரயில் ஏறிப் போய் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு, ஒரு நாள் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் சிரித்தார். இப்போது அவர் தோளில் இருக்கிற சிங்கம் நான் போட்டதுதான்.

அந்த லைனில் எனக்கு அடுத்த மிஷின் மெர்சியுடையது. என்னைவிட உயரம், என்னைவிடப் பேச்சு கம்மி. கம்பெனியின் பெண்கள் வாலிபால் டீமில் எதிரே இருந்து வருகிற சர்வீஸை எடுக்கிறவள் அவள்தான். எதிர் டீம் எவ்வளவு வேகமாக அடித்தாலும் இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவாள், பந்து பூனைக்குட்டி மாதிரி மேலே எழுந்து போகும். ஒரு நாள் பக்கத்து செக்‌ஷனில் ஆள் வரவில்லை என்று அவளைச் சூடேற்றுகிற பிரஸ்ஸில் நிறுத்தினார்கள். மேல்தகடு இடது கையில் இறங்கிவிட்டது. மணிக்கட்டில் இருந்து முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும், உள்பக்கம் முழுக்க. ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆனது. ஆறிய பிறகும் அவள் கிரவுண்டுப் பக்கம் போகவில்லை. கோடையிலும் முழுக்கைச் சுடிதார்தான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் என் கடைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டுச் சுடிதார் கையை மடித்துக் காட்டினாள்.

“இதும்மேல ஏதாவது போட முடியுமாடி?”

நான் விரலை வைக்கப் போனேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு அவளே, “பழக்கம். தப்பா நினைக்காத” என்றாள்.

“இன்னா போடணும்?”

“எதுவானாலும் சரி. பாக்குறவங்கல்லாம் இன்னா ஆச்சு, இன்னா ஆச்சுன்னு கேக்குறாங்க. பஸ்ல கேக்குறான். சர்ச்ல கேக்குறாங்க. மளிகைக் கடையில சில்லறை நீட்டுனா அவனும் கேக்குறான். ஒவ்வொரு தடவயும் அந்த பிரஸ்ஸுகிட்டப் போய் நின்னுட்டு வர்றேன். ஒருத்தராவது வேற எதையாவது கேக்கணும்டி. அது போதும் எனக்கு.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பேச்சை மாற்ற, “வாலிபாலுக்கு வரச் சொல்லி பாரதி கேட்டாளாமே?” என்றேன். பாரதி டீம் கேப்டன். வருஷக் கடைசியில் ராணிப்பேட்டை கம்பெனி டீமோடு மேட்ச் உண்டு, இவள் இல்லாமல் இரண்டு வருஷமும் உதை வாங்கியிருந்தார்கள்.

“ஜெர்ஸி அரைக்கை. முழுக்கை போட்டா துணியில பந்து வழுக்கிட்டுப் போவுது. வெறுங்கையில எடுத்தாதான் எனக்கு வரும்.”

“அப்ப அரைக்கை போட்டுட்டு நில்லு. நான் போட்டுத் தர்றேன்” என்றேன். இப்படித்தான் நான். முதலில் வாக்கு, பிறகுதான் யோசனை.

ஆனால் யோசிக்காமல் ஊசியை எடுக்கிறவள் இல்லை. வேலூரில் தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன். தழும்பு நன்றாக ஆறிவிட்டது, போடலாம், முதலில் ஓரமாகச் சின்னதாய்ப் போட்டு எப்படி ஆறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னாராம். படம் எது என்பதில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை. கம்பெனிப் பின்பக்கக் காம்பவுண்டை ஒட்டி ஆவாரஞ்செடி புதராக வளர்ந்து கிடக்கும். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் உட்கார்கிற இடம் அது. ஒரு கிளை, அதில் சின்னச் சின்ன இலைகள், மஞ்சளாக ஒரு கொத்துப் பூ. மெர்சியே சொன்னது.

பிரச்சனை மிஷினில் வந்தது. என்னிடம் இருந்தது பழைய வயர் மிஷின். காலில் பெடல், பெடலில் இருந்து பெட்டி, பெட்டியில் இருந்து கைக்கு ஒரு வயர். அந்த வயர் வேலை செய்யும்போது கஸ்டமர் கைமேல் உரசிக்கொண்டே இருக்கும். விரல் வைத்தாலே துள்ளுகிற தழும்பில் வயர் உரசினால் அவள் எழுந்து ஓடியே போவாள். அது போக எங்கள் ஏரியாவில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, பாதி இலையில் நின்றால் என்ன செய்வது? பின்னால் பேட்டரி மாட்டுகிற வயர்லெஸ் மிஷின் வாங்கியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வேலூரில் டாட்டூ சாமான் விற்கிற நவநீதன் மூன்று மிஷினைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். வைத்திருந்து பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதர்தான், வாய்தான் நிற்காது.

“மேடம், இந்தக் கருப்புதான் பெங்களூர்ல எல்லாரும் எடுக்குறாங்க.”

“பெங்களூர்ல எல்லாரும் சாம்பார்ல வெல்லம் போடுறாங்க. நான் போடுறனா?”

“அதுக்கில்ல மேடம், நல்ல பவர்.”

மூன்றுக்கும் வித்தியாசம் முக்கியமாக ஸ்ட்ரோக்கில். ஊசி மேலே போய்க் கீழே வருகிற தூரத்தை அப்படிச் சொல்வோம். கருப்புக்கு அது நீளம், ஓங்கி அடிக்கும், கனமான கோடு போடுகிறவர்களுக்கு ஏற்றது. வெள்ளி நிறத்தில் ஒன்று, பேனாவைவிடக் கொஞ்சம் பருமன், ஸ்ட்ரோக் குறைவு, மெல்லத் தட்டும். மூன்றாவதில் ஸ்ட்ரோக்கைத் திருகித் திருகி மாற்றிக்கொள்ளலாம், எல்லா வேலைக்கும் ஆகும், ஆனால் பிடி என் கைக்கு உலக்கை மாதிரி இருந்தது. அதற்குக் குண்டு என்று பெயர் வைத்தேன்.

இனிமேல் நான் செய்தது எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். கத்தரிக்கோல் வாங்கினால் தோல் துண்டில் வெட்டிப் பார்ப்போம். பேனா வாங்கினால் தோல் துண்டில் கிறுக்கிப் பார்ப்போம். பசை, பெயின்ட், ஊசி, நூல், எதுவானாலும் முதலில் ஒரு தோல் துண்டு. மற்ற ஊர்களில் டாட்டூ பழகுகிறவர்கள் காசு கொடுத்து ரப்பர் மாதிரி ஒரு ஷீட் வாங்குகிறார்கள். எனக்கு எதற்கு அது? தபரேஸுக்கு ஒரு போன் அடித்தேன்.

தபரேஸ் தோல் பதப்படுத்துகிற டேனரியில் வேலை செய்கிறவன், என் கிளாஸ்மேட். மறுநாளே ஒரு பை நிறையத் துண்டுகளோடு வந்தான்.

“எங்க ஆளுங்க இதெல்லாம் குத்திக்க மாட்டாங்க. ஆனா தோஸ்த்துக்குத் தோல் குடுக்கலாம், அதுல தப்பு இல்ல” என்றான்.

“உன்ன யாரு குத்திக்கக் கூப்பிட்டா? நான் கேட்ட மாதிரி எடுத்துட்டு வந்தியா?”

“வந்தேன், வந்தேன். எல்லாரும் கீறல் இல்லாத தோல் கேப்பாங்க, நீ மட்டும்தான் தழும்பு இருக்கிறதா பாத்துக் கேட்ட. எங்க மேஸ்திரி என்னை ஒரு மாதிரி பாக்குறாரு.”

ஆடு உயிரோடு இருக்கும்போது முள்ளிலும் வேலியிலும் கிழித்துக்கொண்டு ஆறிய தழும்புகள் பதப்படுத்திய தோலிலும் இருக்கும். ஷூவுக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுவார்கள். மெர்சியின் தழும்புக்கு ஆட்டின் தழும்பு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று மிஷினிலும் ஊசி மாட்டி ஆவார இலையாகப் போட்டுத் தள்ளினேன். கால் மட்டும் சும்மா இருக்கவில்லை. பெடல் இல்லாத மிஷின் என்று புத்திக்குத் தெரிகிறது, தையல் லைனில் பழகிய காலுக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்குத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. தபரேஸ் அதைப் பார்த்துச் சிரித்தான்.

“காலு இன்னும் டியூட்டியிலயே இருக்குது.”

கருப்பில் போட்ட இலை கத்தி வைத்து வெட்டியதுபோல நின்றது. தழும்பின் மேலும் அதே கோடு, அதே அழுத்தம். குண்டும் பரவாயில்லை. வெள்ளி மட்டும் படுமோசம். மூட்டைப்பூச்சி கடித்ததுபோல அங்கங்கே ஒரு புள்ளி, தழும்பில் அதுவும் இல்லை. இதையா பெரிய மிஷின் என்று விற்கிறார்கள் என்று பெட்டியில் போட்டு மூடினேன். நவநீதனுக்குப் போன் செய்து, “நீங்க சொன்னது சரிதான், கருப்பையே எடுத்துக்கிறேன்” என்றேன். அந்த வார்த்தையை வாயிலிருந்து வரவழைக்கச் சிரமமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்து மெர்சி வந்தாள். ஆட்டுத் தோலில் குத்திய ஊசியையெல்லாம் அன்றைக்கே குப்பையில் போட்டிருந்தேன். புது ஊசி, புது கிளவுஸ், மிஷினைச் சுற்றிப் புது கவர். டாக்டர் சொன்னபடி தழும்பின் ஓரத்தில், மணிக்கட்டுப் பக்கமாக ஒரே ஒரு இலை. மெர்சி பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். முடித்துத் துடைத்ததும் இலை பளிச்சென்று இருந்தது.

“பாத்தியா?” என்றேன்.

“பாத்தேன்” என்றாள். சிரித்தாள். அந்தக் கையைப் பார்த்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆறட்டும் என்று ஒரு மாதம் விட்டோம். திரும்பி வந்தபோது அவள் சிரிக்கவில்லை. சுடிதார் கையை மடித்துவிட்டு, கையை மேஜைமேல் வைத்தாள்.

இலையின் ஓரமெல்லாம் கரைந்து போயிருந்தது. சுற்றிலும் நீலமாக ஒரு நிழல். கோடு ஓடிய இடம் வரப்பு மாதிரி மேடாகியிருந்தது. எங்கள் தொழிலில் இதைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரியும். ஊசி போக வேண்டிய ஆழத்துக்கும் கீழே போயிருக்கிறது, மை அங்கே நிற்காமல் கசிந்திருக்கிறது.

“நனைஞ்ச பேப்பர்ல எழுதுன மாதிரி இருக்குது” என்றாள் மெர்சி. “நேத்து பஸ்ல ஒரு அம்மா பாத்துட்டு, இன்னாம்மா, மறுபடியும் அடிபட்டுச்சான்னு கேட்டாங்க.”

இந்த மாதிரி நேரத்தில் டாட்டூ போடுகிறவர்கள் எல்லாரும் சொல்கிற ஒரு வசனம் உண்டு: உங்க ஸ்கின் அப்படி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

“உன் தோல்மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது. ஆழமாப் போயிடுச்சு.”

“சரி.”

“நான் சரி பண்ணித் தர்றேன் மெர்சி.”

“வேணாம் விடு. இருக்கிறதே போதும்.” சுடிதார் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படியில் அவள் செருப்புச் சத்தம் மெதுவாக இறங்கிப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. அன்றைக்கு வந்த ஒரு கஸ்டமரையும் நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

உட்கார்ந்து தோல் துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். கருப்பு போட்ட இலை இன்னும் கத்தி வெட்டாகத்தான் இருந்தது. ஆட்டுக்கு என்ன போச்சு? ரத்தம் வராது, வீங்காது, ஒரு மாதம் கழித்துக் காட்டவும் செய்யாது. குத்தின நிமிஷம் என்ன இருக்கிறதோ அதுதான் கடைசி வரைக்கும். பதப்படுத்தி இறுகிய தோலில் ஓங்கி அடித்தால்தான் மை இறங்கும், மெல்லத் தட்டினால் இறங்காது. நான் பார்த்தது ஷூவுக்கு ஏற்ற மிஷின். மெர்சியின் தழும்போ பார்க்கத்தான் முரடு, மை கசிந்திருப்பதைப் பார்த்தால் சில இடத்தில் வெங்காயத் தோல் கணக்காக மெல்லிசு. அந்த ஒரு இலை போட்ட இடம் தவிர அவள் விரல் வைக்க விட்டதில்லை, நானும் அவளைக் கேட்டு, பொறுமையாய் இருந்து, தொட்டுப் பார்த்ததில்லை. ஆட்டைத் தொட்டுப் பார்த்தேன். என் தலையில் நானே ஒரு போடு போட்டுக்கொண்டேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கருப்பு என் கைக்கும் பொருந்தவில்லை. நான் கோடு போட்டுப் பெயர் வாங்கினவள் இல்லை. சூப்பர்வைசரின் சிங்கம் முழுக்கப் புள்ளிகள்தான். தையல் லைனில் தோலை இழுக்காதே, மிஷின் எடுத்துக்கொள்ளட்டும், நீ வழி மட்டும் காட்டு என்று பழகிய கை. அந்த மெல்லிய கையில் ஓங்கி அடிக்கிற மிஷினைக் கொடுத்தால் கை தன் வேலையை மறந்து அதோடு ஓடும். தோல் துண்டைப் பார்த்து என் கையையும் மறந்திருக்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் யானை விழுந்தது அடுத்தவள் கைமேல்.

கதவைப் பூட்டினேன். வேண்டாம் என்ற இரண்டு மிஷினையும் நவநீதன் இன்னும் வந்து எடுத்துப் போகவில்லை. பேன்ட்டைச் சுருட்டிவிட்டு என் கெண்டைக்காலில் மூன்று ஆவார இலை போட்டேன், வரிசையாக. ஒன்று கருப்பில், ஒன்று குண்டில், ஒன்று வெள்ளியில். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். வெள்ளியைப் பிடித்தபோது கை தானாகத் தணிந்தது. கனமே தெரியவில்லை, வோல்ட்டைக் குறைத்து வைத்தால் ஊசி தட்டுகிற சத்தம்கூட அடக்கமாக இருந்தது. கால்கூடத் தரையை அழுத்தவில்லை. குண்டைப் பிடித்துக் கொஞ்ச நேரத்திலேயே மணிக்கட்டு கடுத்தது, புள்ளி வேலைக்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டியவளுக்கு அது ஆகாது. ஆனாலும் நவநீதனுக்குப் போன் போடவில்லை. ஆறட்டும், அப்புறம் பேசலாம் என்று இந்தத் தடவை வாயைக் கட்டினேன்.

மெர்சி என் போனை எடுக்கவில்லை. இலைகள் ஆறி முடிந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் ஷிப்ட் விடுகிற நேரத்துக்குக் கம்பெனி கேட்டில் போய் நின்றேன். கூட்டத்தில் என்னைப் பார்த்தவள் பார்க்காததுபோல பஸ்ஸை நோக்கி நடந்தாள். நான் ஓடிப் போய் வழியை மறித்தேன்.

“அஞ்சு நிமிஷம் வா. பிரியாணி வாங்கித் தர்றேன்.”

“வாண்டாம்.”

“அப்ப நான் தின்னுறேன், நீ பாரு. வாடி, பேஜார் பண்ணாத.”

வந்தாள். என் கடைக்குக் கீழே இருக்கிற பிரியாணிக் கடையில் ஃபேமிலி ரூமில் ஓர் ஓரமாக உட்கார்ந்தோம். பேன்ட்டைச் சுருட்டிக் காலை நாற்காலிமேல் வைத்தேன். தட்டு கொண்டுவந்த ஆள் மரியாதையாகத் திரும்பிப் போய்விட்டார்.

மெர்சி குனிந்து பார்த்தாள். “இன்னாடி இது, மூணு?”

“மூணு மிஷின். எதுல எதுன்னு சொல்ல மாட்டேன். தொட்டுப் பாத்து நீயே சொல்லு.”

அவள் விரல் முதல் இலையில் போய் நின்றது. “இது மேடா இருக்குது. என் கையில இருக்கிற மாதிரியே.” நீல நிழலைக்கூட அப்படியே என் காலில் பார்த்தாள். இரண்டாவதைத் தடவி உதட்டைப் பிதுக்கினாள். மூன்றாவதில் விரல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது.

“இங்க ஒண்ணுமே இல்லியே. தொட்டாத் தெரியல. கண்ணுக்குத்தான் தெரியுது.”

“அதான் வெள்ளி. தோல்ல போட்டுப் பாத்தப்ப ஃபெயிலாகி, நான் மூடி வெச்ச மிஷின்.”

மெர்சி நிமிர்ந்தாள். “எந்தத் தோல்ல?”

“ஆட்டுத் தோல்ல.”

அவள் அடக்க முடியாமல் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “என்னை ஷூன்னு நினைச்சிட்ட இல்ல நீ” என்றாள்.

“ஆமா, நினைச்சிட்டேன். மன்னிச்சுக்கோ. இப்ப மறுபடியும் போடலாமா வேணாமான்னு நீதான் சொல்லணும். வேணாம்னாலும் நாளைக்கும் இதே கேட்ல வந்து நிப்பேன், அது வேற விஷயம்.”

அவள் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள், இடது பக்கச் சுடிதார் கையைச் சுருட்டிவிட்டுக் கையை மேஜைமேல் நீட்டினாள். “முதல்ல தொட்டுப் பாரு” என்றாள். “எங்க மெல்லிசு, எங்க தடிப்புன்னு எல்லாம் தெரிஞ்சுக்கோ. இந்தத் தடவ இழுக்க மாட்டேன்.”

கை கழுவிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தேன். மணிக்கட்டில் இருந்து மேலே, ஒவ்வொரு இடமாக. அவள் கையை இழுக்கவில்லை. பிரியாணி ஆறிப்போனது. எங்கள் ஊரில் அது பெரிய குற்றம்.

வெள்ளியை வாங்கினேன். நவநீதன் விழுந்து விழுந்து சொல்லிப் பார்த்தார்.

“மேடம், அதுல பேட்டரி சீக்கிரம் எறங்கிடும். பவர் கம்மி.”

“பவர் கம்மியாதான் வேணும். பேட்டரி இன்னொண்ணு குடுங்க. கருப்ப பெங்களூருக்கே அனுப்புங்க.”

கருப்பு கெட்ட மிஷின் என்று நான் சொல்லவில்லை. முதுகு முழுக்கக் கனமான கோடு இழுக்கிறவர்களுக்கு அது தங்கம். எனக்கில்லை, மெர்சிக்கும் இல்லை. இப்போதும் சின்னதாய் ஒரு இலை போட்டு, ஆற விட்டுப் பார்த்த பிறகுதான் மேலே போனேன். அந்த இலை ஆறி வந்தபோது மெர்சி கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் தடவினாள். “எங்க இருக்குது?” என்றாள். எனக்கு வேறு எந்த சர்டிபிகேட்டும் வேண்டியிருக்கவில்லை.

பல ஞாயிறுகள் ஆயின. புள்ளி புள்ளியாகக் கிளை வளர்ந்தது. மெல்லிசான இடத்தில் பூவின் இதழ், தடித்த இடத்தில் காம்பு என்று தோலைக் கேட்டுக் கேட்டுப் போட்டேன். ஒரு தடவை நடுவில் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, லைட் நின்றது, என் கையில் இருந்தது மட்டும் நிற்கவில்லை. மெர்சி செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். கரைந்துபோன அந்த முதல் இலையைச் சுற்றியும் புள்ளி வைத்துப் பின்னால் நிழலில் இருக்கிற இலையாக மாற்றினேன். அதை முழுசாக மறைக்கிறேன் என்றதற்கு அவள் வேண்டாம் என்றாள். “அது இருக்கட்டும். நீ ஜாஸ்தி பேசுனா காட்றதுக்கு வேணும்.”

மேட்ச் ராணிப்பேட்டையில், அந்தக் கம்பெனி கிரவுண்டில் நடந்தது. நானும் தபரேஸும் பைக்கில் போனோம். எங்கள் டீம் வேனில் இருந்து இறங்கியபோது மெர்சி ஜெர்ஸிக்குமேல் ஒரு துப்பட்டாவைப் போர்த்தியிருந்தாள். விசில் அடித்தபோது துப்பட்டாவை மடித்து என்னிடம் கொடுத்தாள். அரைக்கை ஜெர்ஸியில், இடது கை முழுக்க மஞ்சள் பூவோடு, கோர்ட்டுக்குள் போனாள்.

எதிர் டீமில் சர்வீஸ் போட்ட பெண் நல்ல திடம். திரும்பி வந்தவள் எப்படி ஆடுகிறாள் பார்ப்போம் என்று முதல் பந்தையே நேராக மெர்சிக்கு அடித்தாள். நான் தபரேஸின் தோளைப் பிடித்துக் கிள்ளியிருக்கிறேன், அவன் பிறகு சொன்னான். மெர்சி இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். பந்து சரியாக அந்தப் பூங்கொத்தில் வந்து பட்டது. பட் என்று ஒரு சத்தம். பந்து அலுங்காமல் எழுந்து பாரதியின் தலைக்குமேல் போய் நின்றது. நான் அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன், தபரேஸ் கர்ச்சீப் எடுத்துக் கொடுத்தான்.

மேட்சில் தோற்றோம். அதைப் பற்றி மெர்சியிடம் யாரும் பேச்செடுக்காதீர்கள், கடைசி பாயின்ட் அவுட் இல்லை என்று இன்றைக்கும் சண்டைக்கு வருவாள்.

எல்லாரும் கை கொடுத்துக்கொண்டு நின்றபோது சர்வீஸ் போட்ட அந்தப் பெண் மெர்சியிடம் வந்தாள். கை கொடுத்தவள் அப்படியே போகவில்லை, மெர்சியின் இடது கையைப் பிடித்துத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தாள். நான் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வாயில் இருந்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், அதற்கு என்ன பதில் சொல்லி அந்தப் பெண்ணை ஓட விடுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

“அக்கா, இன்னா பூக்கா இது?” என்றாள் அந்தப் பெண்.

மெர்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் கையை அவளுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நீட்டினாள்.

“ஆவாரம்பூ” என்றாள். “தொட்டுப் பாக்குறியா?”